மார்க்கர் போட்டால் அணையும் கம்ப்யூட்டர்

புகார் ஒரு வரிதான்: மார்க்கர் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது.

பனியன் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். துணியை வெட்டும் முன்பு, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று எல்லா பேட்டர்ன்களையும் துணியின் அகலத்துக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்கிப் படம் போடுவார்கள். அதுதான் மார்க்கர். முன்பு மாஸ்டர் அட்டையை வைத்துக் கையால் வரைந்தார். இப்போது சாஃப்ட்வேரே ஆயிரக்கணக்கான விதங்களில் அடுக்கிப் பார்த்து, எதில் துணி அதிகம் மிச்சமாகிறது என்று கண்டுபிடிக்கிறது. ஒரு சதவீதம் மிச்சமானாலும் பெரிய ஆர்டரில் நல்ல காசு. அதனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல மார்க்கர்களை வரிசையில் போட்டுவிட்டு, ஆபரேட்டர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அது தேடி முடிக்கும்வரை பிராசசரின் எல்லாக் கோரும் (உள்ளே கணக்குப் போடும் பிரிவுகள்) நூறு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

எனக்கு அழைப்பு வந்தது ஏப்ரல் கடைசி வாரம். திருப்பூரில் ஒரு நடுத்தர கார்மென்ட்ஸ் யூனிட். கீழே கட்டிங், மாடியில் ஷீட் கூரை போட்ட அறையில் கேட் (CAD) ரூம், அதாவது கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் இடம். மெஷின் பழசு: கோர் ஐ5-4460 பிராசசர், ஹெச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், பிற்பாடு போட்ட ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. பிராசசர் 2014-ல் வந்தது, நான்கு கோர், 84 வாட். பழசு என்றாலும் பேட்டர்ன் வேலைக்குப் போதுமானது. கேட் ரூம்களில் இந்தத் தலைமுறையை நான் இன்னும் அடிக்கடி பார்க்கிறேன்.

எனக்கு முன்னால் நடந்தவை

நான் போகும் முன்பே நான்கு வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. முதலில் யூபிஎஸ் பேட்டரி மாற்றினார்கள். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் கரண்ட் பிரச்சினை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும், தப்பில்லை. நிற்கவில்லை. அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை, புதிது. நிற்கவில்லை. ரேமைக் கழற்றி வேறு ரேம். அதற்கும் நிற்கவில்லை. கடைசியாக, சாஃப்ட்வேர் விற்றவர் போனிலேயே வைரஸ் என்று சொல்லிவிட, விண்டோஸை ஃபார்மட் செய்தார்கள். அதில் ஆறு மாதத்து பேட்டர்ன் ஃபைல்கள் போய், மாஸ்டர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம்.

முன்பு பார்த்த சர்வீஸ் தம்பியிடம் நான் பேசினேன். திறமையான ஆள்தான். அவர் சொன்னது: "கடைக்குத் தூக்கிட்டுப் போய் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன்ணா. ஒரு எர்ரர் இல்ல. இங்க கொண்டுவந்து வெச்சா அணையுது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சோதித்தது வேறொரு கம்ப்யூட்டரை என்றே சொல்லலாம். அவர் கடையில் ஏசி. சோதித்தது ராத்திரி. மெம்டெஸ்ட் ரேமைத்தான் துருவும். நான்கு கோரையும் மார்க்கர் வாட்டுகிற மாதிரி வாட்டாது. அங்கே கேபினட் திறந்த மேஜையில் நின்றது. இங்கேயோ கதவு போட்ட மரப்பெட்டிக்குள், சுவரை ஒட்டி. சூட்டினால் வரும் கோளாறு தலைகாட்டாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தக் கடையில் தற்செயலாக அமைந்துவிட்டன. 'கடையில் நல்லா ஓடுச்சு' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சூட்டின் மேல்தான்.

போனில் கேட்டது

கிளம்பும் முன்பு ஆபரேட்டர் பெண்ணிடம் போனில் மூன்று கேள்வி கேட்டேன். நீலத் திரை வருகிறதா, இல்லை பட்டென்று போகிறதா? பட்டென்று. அணைந்த பிறகு மவுஸில் சிவப்பு லைட் எரிகிறதா? எரிகிறது. உடனே பட்டனை அழுத்தினால்?

"உடனே ஆன் ஆகுதுங்ணா. ஆனா மறுபடியும் மார்க்கர் விட்டா அஞ்சு நிமிசத்துல போயிருது. டீ குடிச்சிட்டு வந்து விட்டா பத்துப் பன்னெண்டு நிமிசம் தாங்குதுங்ணா."

இந்தக் கடைசிப் பதில் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது என்பேன். ரேம் கெட்டிருந்தால் அதற்கு டீ நேரம் தெரியாது. கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலும் ஓய்வெடுத்துவிட்டு வந்து நன்றாக ஓடாது. ஓய்வு கொடுத்தால் அதிக நேரம் தாங்குகிறது, உடனே விரட்டினால் சீக்கிரம் விழுகிறது என்றால், எங்கோ ஒன்று நிறைந்து வழிகிறது, காத்திருந்தால் வடிகிறது. கம்ப்யூட்டருக்குள் அப்படி நிறைந்து வடிவது சூடுதான்.

மவுஸ் லைட் கேள்வி எதற்கு என்றால், பல மதர்போர்டுகளில் கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை யூஎஸ்பிக்கு வந்துகொண்டே இருக்கும். லைட் எரிந்தால் வெளிக் கரண்ட் போகவில்லை; யூபிஎஸ் மேல் பழி போட முடியாது. எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகத் தானே கட் ஆகியிருந்தால், பெரும்பாலும் பவர் கேபிளைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டுச் செருகினால்தான் மறுபடி எழும். இங்கே பட்டனைத் தொட்டதும் எழுந்தது. ஆக யாரோ ஒழுங்காக 'அணைந்துவிடு' என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். அந்த உத்தரவு விண்டோஸிடமிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

லாக் சொன்னது

மதியம் இரண்டரைக்குப் போனேன். வேண்டுமென்றே அந்த நேரம். என்னிடம் இருந்த சின்ன தெர்மாமீட்டர் அறையில் 38 டிகிரி காட்டியது.

முதலில் ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதிவைக்கும் லாக். ஃபார்மட் செய்ததில் பழைய லாக் எல்லாம் போய், 19 நாள்தான் மிச்சம். அந்த 19 நாளில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு 23 தடவை. இந்த 41-ஐப் பார்த்ததும் 'கெர்னல் பவர் எர்ரர், ஆகவே பவர் சப்ளை' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. இந்த மெஷினுக்குப் புது எஸ்எம்பிஎஸ் வந்ததும் அப்படித்தான் என்று சந்தேகிக்கிறேன். 41-க்கு அர்த்தம் ஒன்றே ஒன்று: போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனேன் என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதிவைப்பது. ஏன் நின்றது என்று அதற்கே தெரியாது. விவரத்தைத் திறந்தால் பக்செக்கோட் என்ற வரி இருக்கும். நீலத் திரை வந்து விழுந்திருந்தால் அங்கே ஒரு எண் நிற்கும். 23 பதிவிலும் பூஜ்யம். நீலத் திரை விழும்போது விண்டோஸ் குறிப்பு எழுதிவைக்கும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி. விண்டோஸுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்.

நேரத்தைப் பார்த்தேன். காலை பதினொன்றரைக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. எல்லாமே அதற்கும் மாலை ஐந்துக்கும் நடுவில்.

இன்னொரு பதிவும் இருந்தது: கெர்னல்-பிராசசர்-பவர் 37. பிராசசரின் வேகத்தை ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் புரோகிராம், பயாஸ் என்பதும் அதுதான்) குறைத்து வைத்திருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை. இது வந்தாலே சூடு என்று சொல்லிவிட முடியாது, பயாஸில் பவர் செட்டிங் மாறியிருந்தாலும் வரும். ஆனால் இதுவும் மத்தியானங்களில் மட்டும், 41-க்குச் சில நிமிடம் முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் ஆபரேட்டர் ஒன்று சொன்னார்: ஒரு மார்க்கர் முன்பு நான்கு நிமிடத்தில் வந்துகொண்டிருந்தது, தீபாவளிக்கு அப்புறம் ஆறு, ஏழு என்று இழுத்ததாம். சாஃப்ட்வேர் அப்டேட்டால் மெதுவாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அணைவதைத்தான் புகாராகச் சொன்னார்கள். மெதுவானதை யாரும் புகாராக நினைக்கவே இல்லை. நோய் ஆறு மாதமாக இருந்திருக்கிறது.

முதலாளி கேபினட் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சிபியு சூடே இல்லையே தம்பி" என்றார். பெட்டியையே சிபியு என்று சொல்லிப் பழகியதில் வரும் குழப்பம் இது. பெட்டி ஜில்லென்று இருக்கும்போதே உள்ளே விரல் நகம் அளவு சிலிக்கன் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

முதல் அளவு

சூட்டையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டேன். சென்சார் அளவுகளை விநாடிக்கொரு தடவை ஃபைலில் எழுதச் சொல்லலாம். இது முக்கியம்: கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தாலும் கடைசி விநாடிகள் வரை எழுதியது டிஸ்க்கில் இருக்கும். திரையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

சூடேற்ற பிரைம்95 என்ற சோதனைப் புரோகிராமைப் போடலாமே என்று கேட்பீர்கள். நான் போடவில்லை. இந்தத் தலைமுறை பிராசசரில் அது ஏவிஎக்ஸ்2 என்ற கனமான கணக்குக் கட்டளைகளை வைத்து, எந்த நிஜ வேலையும் கொடுக்காத அளவுக்குச் சூடு கிளப்பும். பிராசசரோடு கூடவே வந்த சாதாரண கூலரோடு (மேலே உட்காரும் உலோகத் தகடுகளும் ஃபேனும்), 38 டிகிரி அறையில், நல்ல மெஷின்கூட அதில் நூறைத் தொடும். அதைப் பார்த்து 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று குதிப்பதில் அர்த்தமில்லை. எந்த வேலையில் விழுகிறதோ அதே வேலையைக் கொடுத்தேன்: அவர்களுடைய ஆறு சைஸ் டி-ஷர்ட் மார்க்கர்கள், வரிசையாக.

சும்மா இருக்கும்போதே 61 டிகிரி. மார்க்கரை விட்டதும் ஒரு நிமிடத்தில் 78. நான்காவது நிமிடம் 90. ஏழாவது நிமிடம் 99, 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) வரியில் 'ஆம்'. 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.4-க்கு இறங்கியது. பிறகு 100-லேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பதினோராவது நிமிடம் திரை இருண்டது. மவுஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது.

இதில் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோருக்குள்ளேயே இருக்கும் சென்சார், உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் கணக்கு வைக்கிறது. இந்தச் சிப்புக்கு வரம்பு 100. இன்டெல் தளத்தில் இதே பிராசசருக்கு 72.72 டிகிரி என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது சிப்பின் உலோக மூடியின் மேற்பரப்புக்கான வரம்பு, உள்ளே இருக்கும் கோருக்கானது அல்ல. ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்கக் கூடாது.

நூறைத் தொட்டதும் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லிக் கடைசிச் சமிக்ஞை அனுப்பும். இந்த இரட்டைப் பாதுகாப்பு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தார் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் ஹீட் சிங்க்கை, அதாவது கூலரின் உலோகக் கட்டியை, கழற்றிப் பார்த்துப் படம் பிடித்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. ஏஎம்டியின் அத்லான் புகைந்து செத்தது. அந்த நாளில் இந்த யூனிட்டின் மெஷின் இப்படி ஆகியிருந்தால் என்னைக் கூப்பிடத் தேவை இருந்திருக்காது, நேராகக் காயலான் கடைதான்.

சரி, வேகத்தைத்தான் குறைத்துக்கொள்கிறதே, பின் ஏன் அணைந்தது? பயாஸுக்குள் போனதும் பதில் கிடைத்தது. ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் 'சிபியு ஷட்டவுன் டெம்பரேச்சர்' என்று ஒரு செட்டிங், 90-ல் வைத்திருந்தது. இந்த போர்டு காட்டும் சிபியு எண், கோர் எண்ணைவிட எட்டிலிருந்து பத்து டிகிரி குறைவாகவே இருந்தது. கோர் நூறில் திணறும்போது போர்டின் கணக்கில் அது மெதுவாக 90-ஐ நோக்கி ஏறுகிறது, தொட்டதும் போர்டே அணைத்துவிடுகிறது. முன்பு பார்த்தவர் பயாஸில் எண்ணைப் பார்த்துவிட்டு 'அவ்வளவு மோசமில்லை' என்று விட்டதற்கும் இதுவே காரணம். பக்கத்தில் நின்ற ஒருவர், அந்த செட்டிங்கை டிசேபிள் செய்தால் அணையாதல்லவா என்றார். அணையாதுதான். நான் அதைத் தொடவில்லை.

திறந்து பார்த்தபோது

பக்க மூடியைக் கழற்றினேன். எஸ்எம்பிஎஸ் புதுசு, பளிச். போர்டில் தூசி அதிகமில்லை. பிராசசர் ஃபேன் இறக்கைகள் சுத்தமாக இருந்தன, சுற்றவும் செய்தன. முன்பு பார்த்தவர் புளோயர் அடித்ததாகச் சொன்னது உண்மை.

அந்த புளோயர்தான் விஷயமே. ஃபேன் காற்றை மேலிருந்து கீழே ஹீட் சிங்க்கின் தகடுகளுக்குள் தள்ளுகிறது. பஞ்சும் அதே வழியில் போகிறது. சாதாரண வீட்டுத் தூசி இறக்கையில் படியும், கண்ணுக்குத் தெரியும். பனியன் ஊரின் பஞ்சு அப்படியில்லை; இறக்கையைத் தாண்டிப் போய்த் தகடுகளின் வாயில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேலிருந்து புளோயர் அடித்தால் இறக்கை சுத்தமாகும், பஞ்சு இன்னும் கெட்டியாகத் தகட்டுக்குள் இறங்கும். ஃபேனின் கிளிப்புகளை விடுவித்து ஹீட் சிங்க்கிலிருந்து தனியாக எடுத்தேன். உள்ளே வட்டமாக, சாம்பல் நிறத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் மூன்று மடங்கு தடிமனில் ஒரு திண்டு. நகத்தால் கிளப்பியதும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. கட்டிங் மாஸ்டர் அதை வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "ஜிஎஸ்எம் நல்லாத்தான் இருக்கு" என்றார், துணியின் கனத்தைச் சொல்வது போல.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, காற்று போகவில்லை. ஃபேன் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அடைப்பு இருந்தாலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதாகவே காட்டும்.

கூலரைக் கழற்றினேன். அடியில், சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, கூலரை மறுபடி அழுத்தினேன். மரப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றச் சொன்னேன், கதவையும் எடுத்துவிட்டார்கள். சும்மா இருக்கையில் 46 டிகிரி. அதே மார்க்கர்களை 25 நிமிடம் ஓட விட்டேன். 84-க்கு மேல் போகவில்லை, வேகமும் குறையவில்லை. ஒரு மார்க்கர் நான்கு நிமிடத்துக்கு வந்துவிட்டது. காபி கொடுத்தார்கள். பில்லும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள்

போன். "மறுபடியும் அணையுதுங்ணா."

இந்த இடத்தில் பலரும் செய்வது, சூடு இல்லை போலிருக்கிறது, மதர்போர்டுதான் என்று தாவுவது. எனக்கும் ஒரு கணம் அந்தச் சபலம் வந்தது. போய் அதே சோதனையை, அதே மார்க்கர்களோடு, அதே நேரத்தில் செய்தேன். சும்மா இருக்கையில் 52. போன தடவையின் 61-ஐவிடக் குறைவுதான். மார்க்கரை விட்டேன்.

மூன்று விநாடியில் 93.

மூன்று நிமிடமல்ல, மூன்று விநாடி. வேலையை நிறுத்தினேன், இரண்டு விநாடியில் 60-க்கு விழுந்தது. மறுபடி விட்டேன், மறுபடி எகிறியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. கோர் 98, அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் உலோகம் அறைச் சூட்டில்.

இந்தக் கேஸை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் சூட்டினால்தான் அணைந்தது. இரண்டு தடவையும் உச்ச எண் நூறு. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே நோய். எவ்வளவு நேரத்தில் ஏறியது என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு நோய்.

சிலிக்கன் துண்டு மிகச் சிறியது, எடையே இல்லை. அதில் 50 வாட் இறங்கினால் நொடியில் எகிறும், நிறுத்தினால் நொடியில் விழும். ஹீட் சிங்க் பெரிய அலுமினியக் கட்டி. அதைச் சூடாக்க நிமிடங்கள் ஆகும், ஆறவும் நிமிடங்கள் ஆகும். சிப்பும் ஹீட் சிங்க்கும் ஒழுங்காக ஒட்டியிருந்தால், சிப்பின் சூடு அந்தக் கட்டியின் வேகத்துக்குத்தான் ஏற முடியும். முதல் நாள் ஏழு நிமிடம் எடுத்து ஏறியது அதனால்தான்: சூடு கட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது, கட்டியிலிருந்து காற்றுக்குப் போக வழியில்லை. அன்று ஹீட் சிங்க்கைத் தொட்டிருந்தால் விரல் சுட்டிருக்கும். நான்காம் நாள் மூன்று விநாடியில் ஏறியது என்றால், சூடு கட்டிக்கே போகவில்லை. ஒட்டு விட்டுப்போயிருக்கிறது.

ஆபரேட்டரின் டீ நேரமும் இப்போது இன்னும் தெளிவாகப் புரியும். அந்தப் பெண் காத்திருந்தது சிப் ஆறுவதற்கல்ல, அது இரண்டு விநாடியில் ஆறிவிடும், அலுமினியம் ஆறுவதற்கு. இந்தத் தடவை டீ குடித்துவிட்டு வந்தாலும் ஒன்றும் மாறவில்லை என்று கேட்டபோது சொன்னார். நான்தான் போனிலேயே கேட்டிருக்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த கூலரை போர்டில் பிடித்து வைப்பவை நான்கு பிளாஸ்டிக் பின்கள். வெள்ளைப் பிளவுக் கால் போர்டின் துளைக்குள் போகும், கறுப்பு ஊசி அதற்குள் இறங்கி அதை விரித்துப் பூட்டும். குறுக்கும் நெடுக்குமாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். அன்று மூன்று 'டக்' கேட்டேன். நான்காவது கேட்டதா என்று இன்று நினைத்துப் பார்த்தால், கேட்டதாக நானே எடுத்துக்கொண்டேன் என்றுதான் தோன்றுகிறது. கேபினட் நின்றபடி இருக்கும்போது மேல்பக்கம் வரும் இரண்டு பின்களில் ஒன்று வெளியே வந்து நின்றது. கழற்றிப் பார்த்தால் வெள்ளைக் காலில் விரிசல். பல வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக். நான் கழற்றி மாட்டியதில் உயிர் போயிருக்கிறது. கூலர் அந்த மூலையில் மயிரிழை தூக்கிக்கொண்டு, பேஸ்ட்டில் ஒரு பக்கம் மட்டும் அச்சு விழுந்திருந்தது. போர்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் நான்கு கறுப்பு முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேபினட்டிலிருந்து போர்டை வெளியே எடுக்கச் சோம்பல்பட்டேன். அந்த விசிட்டுக்குப் பணம் வாங்கவில்லை.

பின்னை மட்டும் மாற்றலாம், கிடைக்கும். ஆனால் மற்ற மூன்றும் அதே வயசு. பின்தகடு வைத்து நான்கு ஸ்குருவால் முடுக்கும் ஒரு கூலரை வாங்கி மாட்டினேன். பெரிய விலை இல்லை. அவர்கள் தேவையில்லாமல் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸைவிடக் குறைவு.

கணக்கு

என் நோட்டில் மூன்று நிலைக்கும் ஒரு எண் எழுதி வைத்திருக்கிறேன். கோர் சூட்டிலிருந்து கேபினட்டுக்குள் நுழையும் காற்றின் சூட்டைக் கழித்து, பிராசசர் அப்போது இழுக்கும் வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று கிடைக்கும். வாட்டையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவே காட்டும். முதல் நாள் அடைப்போடு: பெட்டிக்குள் காற்று 41, கோர் 99, 55 வாட், ஒரு வாட்டுக்கு 1.05 டிகிரி. அடைப்பு எடுத்த பிறகு: காற்று 38, கோர் 84, 58 வாட், 0.79. புது கூலரோடு: காற்று 38, கோர் 77, 58 வாட், 0.67. வெறும் டிகிரியை வைத்து ஒப்பிட்டால் மார்கழியில் எடுத்த அளவும் சித்திரையில் எடுத்த அளவும் ஒத்துவராது. இந்த எண் பெரும்பாலும் ஒத்துவரும். ஆறு மாதம் கழித்துப் போய் 0.9 வந்தால், வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே பஞ்சு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் நாளுக்கு அந்த எண்ணைப் போடவில்லை. கோர் நூறில் முட்டி, வேகம் சரிந்து, வாட்டும் சரிந்து எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது வகுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

புளோயர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபேனைக் கழற்றிவிட்டு, தகடுகளின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். ஃபேனோடு சேர்த்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். அந்த யூனிட்டில் இப்போது கேபினட்டை மேஜைக்கு மேலே எடுத்து வைத்துவிட்டார்கள். முன்பக்கம் காற்று நுழையும் இடத்தில் மாஸ்டரே ஒரு மெல்லிய வலைத் துணியை ஒட்டியிருக்கிறார். வாரம் ஒருமுறை அதைப் பிய்த்து உதறுகிறார்களாம். சல்லடைத் துணி காற்றையும் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் இந்த ஊரில் அது லாபம்.

மாற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அவர்கள் தூக்கிப் போடவில்லை, மூலையில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்து என் டெஸ்ட் பெஞ்சில் போட்டேன். இன்றுவரை ஒரு தடவைகூட அணையவில்லை.